சம்பந்தியை முந்தலாமா?

கடைசியாக ஓடி வருவதில் ஒரு வசதி இருக்கிறது என்பார் கண்ணாடிக்காரம்மாவின் வீட்டுக்காரர். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, கழுத்துக்கு நல்லது. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ஐந்து வருடமாக அதே ஜோக், அதே சிரிப்பு. அவருக்கென்ன, கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதர். ஓடுகிறவளுக்கல்லவா தெரியும்.

குடியிருப்போர் சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை நடத்துகிற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் அது. உலக சாதனை எதுவும் நடக்கிற இடமில்லை. எழுபது எண்பது பேர் வருவார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் கிளம்பி, கடைத்தெரு வழியாகப் போய், கால்வாய்க் கரையில் திரும்பி, நடைபாலத்தைத் தாண்டி, கிடங்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இதை முழுசாக ஓடி முடிப்பதே பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் என்றால், அவளுக்கு முன்னால் ஓடி முடித்து, துண்டால் முகம் துடைத்து, ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்த எல்லாரும்.

அவளுக்குப் பின்னால் வந்தது ஒன்றே ஒன்றுதான். அது வால் சைக்கிள். கடைசி ஆளுக்குப் பின்னால் சிவப்புக் கொடி கட்டிய சைக்கிள் ஒன்று வரும், அது கடந்துபோன பிறகுதான் தெருவை வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். சைக்கிளை ஓட்டுபவர் அந்த வட்டாரத்துப் பிளம்பர். தங்கமான மனிதர், தொல்லையே அதுதான். சும்மா வரமாட்டார், பேசிக்கொண்டே வருவார். அவர் மைத்துனர் வீட்டுக் கூரை எப்போது ஒழுக ஆரம்பித்தது, எந்தக் குழாய் எத்தனை வருடம் தாங்கும், மூத்த மகள் ஏன் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் படம் வரையப் போனாள், எல்லாம் கண்ணாடிக்காரம்மாவுக்கு அத்துப்படி. மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பவளிடம் கதை சொல்லி, நடுநடுவே "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? "ம்" கொட்டுவாள். அந்த "ம்" கொட்டுகிற மூச்சை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு பேரையாவது முந்தியிருப்பாள்.

இந்த வருடம் அது நடக்கக் கூடாது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். முதல் பரிசு வேண்டாம், பத்தாவது இடம்கூட வேண்டாம். தனக்குப் பின்னால் ஒரு மனுஷர் வர வேண்டும், ஒரே ஒரு மனுஷர், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர்த் தொட்டியை நாலு சுற்று, அப்புறம் ஆறு சுற்று, அப்புறம் எட்டுச் சுற்று ஓடினாள். ஆளைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஓடும் மருந்துக்கடைக்காரர். போன வருடம் அவளை விட முப்பது தப்படிதான் முன்னால் இருந்தார். கால்வாய்க் கரையில் அவருக்கு மூச்சு வாங்கும். அங்கே அவரைப் பிடித்து, நடைபாலத்துக்கு முன்னாலேயே தாண்டிவிட வேண்டும். மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனபோதுகூட, மனிதர் அலமாரிக்கு எட்டி மருந்தெடுக்கையில் எந்தக் காலை ஊன்றுகிறார் என்று கவனித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் கடைக்கு வந்தாள். வந்தவள் கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று தாய்க்குத் தெரியாதா?

"சொல்லித் தொலைடி. சட்டத்தை எல்லாம் விரல் ரேகையாக்காத."

"அம்மா, அத்தையும் ஓடறாங்களாம்."

"யாரு, உன் மாமியாரா?"

"ஆமாம்மா. டாக்டர் தினமும் கொஞ்சம் நடங்கன்னு சொன்னாராம். நடந்தா போர் அடிக்குதுன்னு சொல்லிட்டு நேரா சங்கத்துக்குப் போய் பேர் குடுத்துட்டு வந்துட்டாங்க."

கண்ணாடிக்காரம்மாவின் மனசில் முதலில் எழுந்தது என்ன என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. சந்தோஷம். சம்பந்திக்கு அறுபத்தைந்து வயது. இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைத்த அதிகாரி. அதாவது இருபத்தெட்டு வருடமும் நடுங்குகிற யாரோ ஒருவர் காரை ஓட்ட, பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தே வேலை பார்த்தவர். ஓட்டமாவது! ஆக, தனக்குப் பின்னால் வர ஒரு ஆள் கிடைத்துவிட்டார். மருந்துக்கடைக்காரரின் முழங்காலை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"அதனால என்ன, நல்லா ஓடட்டும்" என்றாள்.

"அதில்லம்மா. நீ அவங்க கூடவே இரு. நீ பாட்டுக்கு விட்டுட்டு ஓடிடாத. என் மாமியார் கடைசியா வந்து, எங்கம்மா அவங்களுக்கு முன்னாடி வந்து நின்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு. அந்த வீட்டுல இருக்கறவ நான்."

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சம்பந்தி கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியவர் இல்லை, ஏனென்றால் அவர் அதிகம் பேசுகிறவரே இல்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். பரீட்சையில் தேறியவனுக்கும் அதே "சரி", சுவரில் காரை மோதியவனுக்கும் அதே "சரி". அது எந்தச் சரி என்று கண்டுபிடிக்க முடியாமல் பாதி ஊர் வியர்த்திருக்கிறது. இன்ஸ்பெக்டரம்மா என்றால் இன்றைக்கும் சிலர் தெருவில் வேகத்தைக் குறைப்பார்கள்.

மகளைக் கொடுத்த இந்த ஒன்பது வருடத்தில் கண்ணாடிக்காரம்மா அவருக்கு விட்டுக்கொடுக்காத ஒன்றில்லை. மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலி அவருக்கு. முதல் கோப்பை காபி அவருக்கு. பேத்தி பிறந்தபோது இவள் ஒரு பெயரை ஆசை ஆசையாக மனசில் வைத்திருந்தாள். "உங்க இஷ்டம் சம்பந்தி" என்று வாய் சொல்லிவிட்டது, அவரும் "சரி" என்றுவிட்டார். பேத்திக்கு வேறு பெயர். அட, தொழில் விஷயத்தில்கூட வாயைத் திறக்கவில்லையே! கல்யாணமான புதிதில் சம்பந்தி கடைக்கு வந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். அகலமான, கனமான, கறுப்புச் சட்டம். அவருடைய சின்ன மூக்குக்கு அது நிற்கவே நிற்காது. வேறு யாராவது எடுத்திருந்தால் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்திருப்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்ட சம்பந்தியிடம், "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அன்று முதல் சம்பந்தி நிமிடத்துக்கு ஒரு தடவை அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார். தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்காரம்மா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஓட்டத்தன்று காலை லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. மைதானத்தின் ஓரத்தில் மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். சம்பந்தி புத்தம் புது வெள்ளை ஷூவில் வந்தார். நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

"விதிமுறை என்ன?" என்று கேட்டார்.

"விதியெல்லாம் ஒண்ணும் இல்ல சம்பந்தி. உங்க சௌகரியம்போல ஓடுங்க. நான் கூடவே வரேன்."

"சரி."

மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னாள். கண்ணாடிக்காரம்மா ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

விசில் அடித்தது. எல்லாரும் பாய்ந்தார்கள், இவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். சம்பந்தி ஓடிய அழகு தனி அழகு. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் போனார். கடைத்தெரு திரும்பும் இடம் வந்ததும் முன்கூட்டியே கையை நீட்டி, திரும்பப்போவதாக சைகை காட்டினார். ஓரமாக நடந்து போனவர்கள் ஏதோ நிற்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தடுமாறினார்கள். ஒருவர் நின்றே விட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், சம்பந்தி ஓடினார். நிஜமாகவே ஓடினார். கடைத்தெரு முடிந்தும் நிற்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, இடுப்பைப் பிடிக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளினார், ஓடினார், கண்ணாடியை மேலே தள்ளினார், ஓடினார். கண்ணாடிக்காரம்மாவுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு கால்வாய்க் கரை திரும்பியபோது முன்னால் தெரிந்த முதுகைப் பார்த்ததும் ஏமாற்றமெல்லாம் பறந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர்! முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"முந்தலாமா?" என்றார் சம்பந்தி.

"முந்தலாமே!"

சம்பந்தி கையை நீட்டிக் காட்டிவிட்டு அவரைத் தாண்டினார். கண்ணாடிக்காரம்மாவும் ஒட்டிக்கொண்டே தாண்டினாள். மருந்துக்கடைக்காரர் "அட, யாரு!" என்றார். கொஞ்ச தூரத்தில், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர்களையும் தாண்டினார்கள். ஓடிக்கொண்டே போனில் யாரிடமோ தகராறு பண்ணிக்கொண்டிருந்த ஒருவர். அவரும் பின்னால் போனார். வால் சைக்கிளின் சங்கிலிச் சத்தம் காதிலேயே விழவில்லை. திரும்பிப் பார்த்தாள். கரையின் அந்தக் கோடியில் சிவப்புக் கொடி ஒரு பொட்டாகத் தெரிந்தது. பிளம்பர் தன் கதையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தனியாக வந்துகொண்டிருந்தார். கழுத்து வலிக்க வலிக்க இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் இவ்வளவு இனிமையான கழுத்து வலி அவளுக்கு வந்ததில்லை.

அப்போது நடைபாலம் வந்தது.

கால்வாய்க்குக் குறுக்கே போட்ட இரும்புப் பாலம், ஒரு ஆள் போகிற அகலம்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒன்றாகவே நின்றார்கள்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்றாள் கண்ணாடிக்காரம்மா. ஒன்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"இல்ல, நீங்க போங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வழி."

"ஐயோ, அது எப்படி? பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"மூணு வயசுதான்."

"மூணுன்னாலும் மூணுதானே. போங்க சம்பந்தி."

"நீங்க பொண்ணோட அம்மா. நீங்கதான் போகணும்."

"நீங்க பையனோட அம்மா!"

இது எங்கே போய் முடிந்திருக்குமோ, பின்னால் தட் தட் என்று காலடி கேட்டது. மருந்துக்கடைக்காரர். "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விலகி, ஒரே குரலில், "போங்க, போங்க, தாராளமா போங்க" என்றார்கள். அவர் போனார். குழந்தை வண்டிக்காரர்கள் வந்தார்கள். கைக்குழந்தையை நிறுத்தி வைக்க முடியுமா? அவர்களுக்கும் வழி விட்டாயிற்று. போன்காரர் கேட்கக்கூட இல்லை, "நீ எழுதிக் குடு, நான் பாத்துக்கறேன்" என்று போனில் கத்திக்கொண்டே நடுவில் புகுந்து போய்விட்டார். அப்புறம் கீச் கீச்சென்று அந்தப் பழைய சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. பிளம்பர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, ஏதாவது ஒழுகுதா?"

கண்ணாடிக்காரம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நாலு பேர். நாலு பேரைத் தாண்டி வந்து, நாலு பேரையும் கையைக் காட்டி அனுப்பிவைத்தாகிவிட்டது. "சரி, சேர்ந்தே போயிடலாம்" என்று சம்பந்தி சொல்ல, இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிப் பக்கவாட்டில் நகர்ந்து பாலத்தைக் கடந்தார்கள். பிளம்பர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

கிடங்குத் தெரு நீளமான தெரு. இரண்டு பக்கமும் மூடிய தகரக் கதவுகள்தான், வேடிக்கை பார்க்கக்கூட ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரர் தெரு முனையில் திரும்பி மறைவதை அவள் கண்ணால் பார்த்தாள். இனி அவரைப் பிடிக்க முடியாது. யாரையும் பிடிக்க முடியாது. பிளம்பர் பின்னால் ஆரம்பித்துவிட்டார். மைத்துனர் வீட்டுக் கூரையை இப்போது முழுசாக மாற்றிவிட்டார்களாம். "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

"ம்" என்றாள்.

ஓடுகிற பாதையில் மீதி இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் கடைசியாக வர வேண்டும். கண்ணாடிக்காரம்மாவால் சம்பந்தியை முந்த முடியுமா என்றால், முடியும். மூன்று மாதம் தொட்டியைச் சுற்றிய கால், உள்ளே இன்னும் ஓட்டம் மிச்சம் இருந்தது, அவள்தான் பிடித்து வைத்திருந்தாள். முந்திவிட்டு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? முந்தாவிட்டால் அடுத்த வருடம் முழுக்க வீட்டுக்காரரின் கழுத்து ஜோக்கை எப்படிக் கேட்பது? ஆறாவது தடவை. அறுபத்திரண்டு வயதில் இதற்காக ஒருத்தி ஓடுவாளா என்று கேட்டால், அவள் ஓடினாள்.

மைதானத்தின் இரும்புக் கேட் வந்தது. ஒரு பக்கக் கதவுதான் திறந்திருந்தது. அதற்கப்புறம் இருநூறு மீட்டர், புல்தரை, முடிவுக் கோடு. எல்லாரும் அங்கே கூடி நின்றிருந்தார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணாடிக்காரம்மா வேகத்தைக் குறைத்தாள். "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் அதை மனசார சொல்லவில்லை. இவள் போகச் சொல்ல வேண்டும், அவர் மாட்டேன் என்று மறுக்க வேண்டும், இவள் மறுபடி சொல்ல வேண்டும், அவர் மறுபடி மறுக்க வேண்டும், கடைசியில் "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று இவள் முன்னால் போய்விடலாம். பாலத்தில் பார்த்தோமே, முறை அதுதானே?

"சரி" என்றார் சம்பந்தி.

கையை நீட்டி சைகை காட்டினார். கேட்டுக்குள் நுழைந்தார். ஓடியே போய்விட்டார்.

கண்ணாடிக்காரம்மா நின்றுவிட்டாள். ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லையே! ஒப்புக்குக்கூட ஒரு "இல்ல, நீங்க" இல்லையே! அந்த வெள்ளை ஷூ இரண்டும் புல்லில் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தன. பின்னால் பிளம்பர் பிரேக் பிடித்து, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"அப்ப இந்த வருஷமும் நீங்கதானாம்மா?"

அவ்வளவுதான். ஒன்பது வருடத்து நாற்காலி, காபி, பேத்தியின் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் நெஞ்சுக்கு ஏறின. அவள் பாய்ந்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த மைதானம் அவளிடம் பார்த்ததில்லை, அவளே பார்த்ததில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஓடினாள். இடைவெளி இருபது தப்படியானது, பத்தானது. சம்பந்தி காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்! இவ்வளவு நேரம் கூட்டாமல் குறைக்காமல் வந்த மனுஷி!

"சம்பந்தி! நில்லுங்க!"

"மாட்டேன்!"

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"நான் நிஜமாத்தான் எடுத்துக்கிட்டேன்!"

கோபத்தில் மனுஷிக்கு என்ன வரும், என்ன வராது என்று சொல்ல முடியாது. ஐந்து தப்படித் தூரத்தில் கண்ணாடிக்காரம்மா கத்தினாள். "அந்தக் கண்ணாடி உங்களுக்கு நல்லாவே இல்ல!"

"எனக்குத் தெரியும்!" என்று சம்பந்தி ஓடிக்கொண்டே கத்தினார். "நீங்க சொல்லட்டும்னுதான் மாத்தாம இருக்கேன்!"

முடிவுக் கோட்டில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதுவும் புரியாவிட்டாலும் இரண்டு பெரிய மனுஷிகள் இப்படி ஓடி வந்தால் கத்தாமல் இருக்க முடியுமா? மருந்துக்கடைக்காரர் பட்டை கட்டிய காலால் குதித்தார். போன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, வேணாம்மா!" என்று கத்தினாள். மாப்பிள்ளை யார் பக்கம் கத்துவது என்று தெரியாமல் "ஓடுங்க, ஓடுங்க!" என்று பொதுவாகக் கத்தினார். இருபது மீட்டரில் இரண்டு பேரும் சமமாக வந்தார்கள். சம்பந்தி முழங்கையால் ஒரு இடி இடித்தார். கண்ணாடிக்காரம்மா திருப்பி இடித்தாள், நன்றாகவே இடித்தாள். அந்தக் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிப் புல்லில் விழுந்தது. சம்பந்தி அதை எடுக்க நிற்கவில்லை. இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி, நிற்க முடியாமல், ஆரஞ்சு வைத்திருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கோட்டைத் தாண்டும்போது அவள் கால்தான் முன்னால் இருந்தது. அரை அடி இருக்கும். அவள் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே பயமும் ஓடி வந்து சேர்ந்தது. மகளின் மாமியாரை, ஊர் பார்க்க, முழங்கையால் இடித்திருக்கிறாள். சம்பந்தி குனிந்து முழங்காலில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார், முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரா? மகள் ஓடி வந்தாள், முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னம்மா பண்ணிட்ட?"

"சம்பந்தி..." என்றாள் கண்ணாடிக்காரம்மா. "தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சு..."

சம்பந்தி நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல்லை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சீங்க, மறுபடி முதல்லேருந்து ஓடச் சொல்வேன்" என்றார். மூச்சு வாங்கியது. "இருபத்தெட்டு வருஷம் என் பக்கத்துல உக்காந்தவன் எல்லாம் பயந்துகிட்டே உக்காந்தான். வீட்டுக்கு வந்தா நீங்க. நாற்காலி போடறீங்க, காபி குடுக்கறீங்க, எது கேட்டாலும் உங்க இஷ்டம்ங்கறீங்க. ஒன்பது வருஷமா உங்க வீட்டுல நான் விருந்தாளி. எத்தனை நாளைக்கு விருந்தாளியாவே இருக்கறது?"

அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றார். கண்ணாடிக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷியிடமா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்தாள். அவருடைய "சரி"யில் இருந்தது கண்டிப்பு இல்லை, வேறு என்ன சொல்வது என்று தெரியாத தனிமை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அப்போது சங்கச் செயலாளர் கையில் தாளோடு வந்தார். வந்தவர்கள் வரிசையைக் குறித்து வைத்து, மைதானச் சுவரில் ஒட்டுவது அவர் வேலை. கொஞ்சம் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். சரியா நீங்க தாண்டற நேரத்துல என் பேனா கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சுட்டேன். உங்க ரெண்டு பேர்ல யார் முன்னாடி வந்தாங்க? ஒண்ணா வந்த மாதிரிதான் தெரிஞ்சுது. சேர்த்தே போட்டுடட்டுமா?"

"ஆமா, சேர்த்தே போடுங்க" என்றாள் மகள், கேள்வி முடியும் முன்பே.

"அதான் நல்லது" என்றார் மாப்பிள்ளை.

செயலாளர் பேனாவைத் தாளில் வைத்தார். பிரச்சனை தீர்ந்தது, யாரும் கடைசியில்லை, எல்லாருக்கும் மரியாதை. கண்ணாடிக்காரம்மாவின் வாயில் "சரி, அப்படியே போடுங்க" என்பது வந்தும் விட்டது, உதடு பிரிய வேண்டியதுதான் பாக்கி. சம்பந்தியைப் பார்த்தாள். சம்பந்தி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, காத்துக்கொண்டு.

"சேர்த்தெல்லாம் போடாதீங்க" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "நான்தான் முன்னாடி."

"அம்மா!" என்றாள் மகள்.

செயலாளர் தயங்கி சம்பந்தியின் பக்கம் திரும்பினார். சம்பந்தி கண்ணாடிக்காரம்மாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அரை அடி. எழுதிக்கங்க" என்றார். "அதுக்கு மேல ஒரு அங்குலம் சேர்த்து எழுதினாலும் சண்டைக்கு வருவேன்."